சிங்கப்பூர்ப் பெண்கள் தொழில்நுட்பம் கற்க: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர்க் குடிமகளுக்குக் கணினி கற்கக் காசு அவ்வளவு பெரிய தடை அல்ல. அரசாங்கச் சேவைகளுக்கான அவருடைய மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ், கணவர் கைப்பேசியிலோ மகன் கைப்பேசியிலோ கிடப்பதுதான் தடை. அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: சிங்பாஸ் உங்கள் கைக்கு வரட்டும்

தேக்காவில் காய்கறிக்குப் பேநவ்வில் பணம் அனுப்புகிறவர்கள்கூட, சிங்பாஸ் என்றால் "பையனைக் கேளுங்கள்" என்கிறார்கள். உங்கள் கைப்பேசியிலேயே செயலியை அமையுங்கள், தமிழிலும் பயன்படுத்தலாம். தடுமாறினால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாகச் சொல்லித்தருவார்கள். மறைச்சொல்லை மட்டும் தூதரிடமும் சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: கணக்கைப் பாருங்கள்

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் நுழைந்தால், பயிற்சிக்காக அரசாங்கம் தரும் தொகையின் இருப்புத் தெரியும். 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 2016 முதல் 500 வெள்ளி. 40 வயதானவர்களுக்கு 2024 மே முதல் மேலும் 4,000 வெள்ளி. இரண்டும் காலாவதி ஆகாது. ஆனால் அந்த 4,000 வேலைக்கு உதவும் குறிப்பிட்ட பாடங்களுக்கு மட்டுமே. பொழுதுபோக்குக்காகக் கேக் அலங்காரம் கற்க உதவாது, சரியான விதிதான். நிரந்தரவாசிகளுக்கு இந்தத் தொகை இல்லை, ஆனால் பல பாடங்களில் கட்டணச் சலுகை உண்டு. 40 வயது நிரம்பிய குடிமக்களுக்குப் பல பாடங்களில் 90 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு.

மூன்றாம் படி: பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நேரே செயற்கை நுண்ணறிவு வகுப்பில் போய் உட்கார்ந்து, கோப்பைச் சேமிக்கத் தெரியாமல் விழிக்க வேண்டாம். எக்செல்லில் தொடங்குங்கள். ஒரு மாத மளிகை ரசீதுகளை எடுத்து, ஒரு பத்தியில் பொருள், பக்கத்தில் விலை என்று அடியுங்கள். கீழே 'சம்' சூத்திரம் போட்டுக் கூட்டுங்கள். நடுவில் ஒரு விலையைத் திருத்தினால் அடியில் மொத்தம் தானாக மாறும். அது எப்படி என்று கேட்கத் தோன்றினால், அடுத்த கட்டத்துக்கு நீங்கள் தயார்.

ஆண்கள் நிறைந்த வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சமா? பெண்களுக்குக் கோடிங் கற்றுத்தர 2016இல் தொடங்கிய டெக்லேடீஸ் குழுவைப் பற்றி விசாரியுங்கள். தமிழில் யோசனை கேட்க, லிட்டில் இந்தியாவை ஒட்டிய பியாட்டி சாலையில் இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டா இருக்கிறது.

நான்காம் படி: பதிவு

வகுப்பு தொடங்குமுன்பே தொகைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். "சிங்பாஸைக் கொடுங்கள், நானே பதிந்துவிடுகிறேன்" என்று எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799 எண்ணை அழையுங்கள்.

பணிப்பெண்களுக்கு

இந்தத் தொகை எதுவும் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்குக் கிடையாது. 2006இல் தொடங்கிய ஐதா அமைப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுக்குப் பண நிர்வாகமும் கணினியும் கற்றுத்தருகிறது. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளாவது பணிப்பெண்ணுக்கு ஓய்வு தந்தே ஆக வேண்டும். அந்த ஒரு நாளைக் காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது. உங்கள் வீட்டில் பணிப்பெண் இருந்தால், வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு விடுப்புக் கொடுங்கள்.