மலையடிவாரத்துச் சந்தையூர்

திருவள்ளூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் சாலை பூண்டி, சீத்தஞ்சேரி ஆகிய ஊர்களைக் கடந்து ஊத்துக்கோட்டையை அடைகின்றது. தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்தில் செல்வோர் இடப்புறத்துச் சாளரத்தருகே அமர்வது நன்று. நெல்வயல்களுக்கும் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கும் அப்பால், அல்லிக்குழி மலைத்தொடர் நீலக்கோடு போல் உடன்வருவதைக் காணலாம்.

வழியில் பூண்டியில் இறங்காமற் செல்லுதல் தகாது. கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கம் இங்கே உள்ளது. சென்னை மேயராயிருந்து இதற்காக உழைத்த சத்தியமூர்த்தி, பணி நிறைவுறுமுன் 1943-இல் மறைந்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

பூண்டிக்கு அண்மையில் உள்ள அத்திரம்பாக்கம் பார்வைக்கு எளிய சிற்றூரே. மழைநீர் அரித்த ஓடைகளும் முட்புதர்களுமே அங்குக் கண்ணிற்படும். ஆயினும் 1863-ஆம் ஆண்டில் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் இவ்வோடைகளில் பழங்கற்கால மாந்தர் செதுக்கிய கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். மலையிலிருந்து உருண்டுவந்த கடினமான கூழாங்கற்களே அவற்றுக்கு மூலப்பொருள். பிரான்சு நாட்டில் அமியான் நகரை அடுத்த செயின்ட் அசூல் என்னுமிடத்தில் இத்தகைய கருவிகள் கிடைத்தமையால், இக்கருவி மரபை உலகெங்கும் அசூலியன் என வழங்குவர். அத்திரம்பாக்கத்துக் கோடரிகளையும் அப்பெயராலேயே குறிக்கின்றனர். ஆனால், சாந்தி பப்பு முதலிய ஆய்வாளர்கள் ஆழக் குழிதோண்டி ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இங்குள்ள மிகப் பழைய கருவிகளின் அகவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள். பெயரைக் கொடுத்த ஊரைக் காட்டிலும் பெயரைப் பெற்ற ஊரே மூத்ததாயிற்று! பூண்டியிலுள்ள அருங்காட்சியகத்தில் இத்தகைய கருவிகளைக் காணலாம். ஓடையிற் கிடக்கும் கல்லை எடுத்துச் செல்ல எவரும் ஆசைப்படுதல் கூடாது. இடம் பெயர்ந்த கல் எந்த மண்ணடுக்கிற் கிடந்தது என்னும் செய்தியை இழந்துவிடுகின்றது. அதன்பின் அறிஞர்க்கும் அது வெறுங்கல்லே.

இனி ஊத்துக்கோட்டைக்கு வருவோம். ஊருக்குள் நுழையுமுன் ஆரணியாற்றைக் கடத்தல் வேண்டும். ஆந்திர மலைகளில் தோன்றும் இவ்வாறு, பிச்சாட்டூர் அணையைக் கடந்து இவ்வழியே பாய்ந்து, பொன்னேரிப் பக்கம் சென்று பழவேற்காட்டு ஏரியிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணலாய்க் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழை வலுத்து அணையின் மதகுகளைத் திறந்துவிட்டால், அந்த மணலாறா இது என்று கண்டோர் அஞ்சுவர். முன்னாளில் இங்குத் தரைப்பாலம் ஒன்றே இருந்தது. வெள்ளத்தில் அது மூழ்கும்போதெல்லாம் திருவள்ளூர்ச் சாலை துண்டிக்கப்பட்டு, மாணவரும் நோயாளரும் நெடுந்தொலைவு சுற்றிச் செல்ல நேர்ந்தது. உயர்ந்த பாலம் எழுந்த பின்னரே அவ்வல்லல் தீர்ந்தது.

ஊர் சிறியது, கடைத்தெருவோ எப்போதும் நிறைந்திருக்கும். நாகலாபுரம், சத்தியவேடு முதலிய ஆந்திர ஊர்களிலிருந்தும் மக்கள் இங்கே வருகின்றனர். காய்கறி விற்கும் மூதாட்டி ஒருவரிடம் தமிழில் விலை கூறி, அடுத்தவரிடம் தெலுங்கில் பேரம் பேசுவார். இரண்டில் எது அவர்தம் தாய்மொழி என்று அறிதல் எளிதன்று, அறிய வேண்டுவதுமில்லை. இப்பகுதியின் எல்லை 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளில் மாற்றியமைக்கப்பட்டது. திருத்தணி அன்று தமிழகத்தோடு இணைந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்தின்பாற் சென்றது. கோடு மாறிற்றேயன்றிச் சந்தைக்கு வரும் வழி மாறவில்லை. எல்லைக்கு அப்பால் சிறு தொலைவிலேயே சுருட்டப்பள்ளி உள்ளது. அங்குச் சிவபெருமான், நஞ்சுண்ட களைப்பால் உமையம்மையின் மடியில் தலைவைத்துப் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சியளிக்கின்றார். சிவாலயங்களிற் காண்டற்கரிய கோலம் இஃது.

ஊரின் அருகே கிருட்டிணா நீர்க்கால்வாய் தமிழகத்திற்குள் நுழைகின்றது. தமிழகமும் ஆந்திரமும் 1983-ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆண்டுதோறும் 12 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் சென்னைக்கு வந்துசேர வேண்டும். ஸ்ரீசைலத்திலிருந்து சோமசீலாவுக்கும், ஆங்கிருந்து கண்டலேறுவுக்கும் வந்த நீர், 152 கிலோமீட்டர் ஆந்திர மண்ணில் ஓடி இவ்விடத்தை எய்துகின்றது. பின்னர் 25 கிலோமீட்டர் கடந்து பூண்டியை அடைகின்றது. நீர் முதன்முதலாக வந்தது 1996-ஆம் ஆண்டில். ஆயினும் உடன்பாட்டிற் கண்ட அளவு ஆண்டுதோறும் வருவதில்லை. அங்கே மழை பொய்த்தால் இங்கே கால்வாய் வறளும். வழியிலுள்ள உழவரும் தம் பயிர் வாடும்போது ஓடும் நீரைப் பார்த்து வாளாவிருத்தல் அரிது. நுழைவிடத்தை இவ்வூரார் ஜீரோ பாயிண்டு என்பர். நீர் வரும் நாள்களில் நொடிக்கு எத்தனை கன அடி வருகின்றது என்று பொறியாளர் அங்கே அளந்து குறிக்கின்றனர். அந்த எண் நாளேடுகளில் வெளிவரும். குடத்தோடு குழாயடியில் நிற்கும் சென்னை மக்கள், ஊத்துக்கோட்டையைக் கண்டிராதவராயினும், கோடையில் அச்செய்தியைத் தேடிப் படிப்பர்.