லொறி வில்லுக் கத்தி ஏன் வெடிக்கிறது?

கேள்வி: பழைய லொறி வில்லுத் தகட்டில் கத்தி அடித்தேன். சிவக்கக் காய்ச்சி வாவித் தண்ணீரில் தோய்த்ததும் விளிம்பு வெடித்துவிட்டது. இரும்பு பிழையா?
– வாசகர், வவுணதீவு

பதில்: இரும்பு நல்லது. பிழை தண்ணீரில். வில்லுத் தகட்டில் கரிச்சத்து 0.5 முதல் 0.6 சதவீதம் வரை உண்டு. கூடவே மங்கனீசும், பெரும்பாலும் குரோமியமும் இருப்பதால் தண்ணீரை விட மெதுவாக, எண்ணெயில் ஆறினாலே அது இறுகிவிடும். வாவியின் உப்புத் தண்ணீரோ நல்ல தண்ணீரை விட வேகமாகச் சூட்டை இழுக்கும். அந்த அதிர்ச்சியை மெல்லிய விளிம்பு தாங்காது.

அடுத்த முறை நிழலில் நின்று காய்ச்சுங்கள். வெயிலில் நெருப்பின் நிறம் ஏமாற்றும். காந்தம் ஒட்டாமல் போவது ஏறத்தாழ 770 பாகை செல்சியசில். அதற்குமேல் இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டு, இளஞ்சூடான எண்ணெயில் நேராக இறக்குங்கள். எண்ணெய் தீப்பற்றலாம், மூடியைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

பலர் இத்தோடு விட்டுவிடுகிறார்கள். இந்த நிலையில் கத்தி கண்ணாடி போல நொறுங்கும். ஒரு பக்கத்தை வெள்ளையாகத் தேய்த்து, முதுகுப்புறமிருந்து மெல்லச் சூடேற்றுங்கள். வைக்கோல் மஞ்சள் தோன்றி விளிம்பை எட்டும்போது சூடு 220 பாகை அளவில் இருக்கும், அங்கே நிறுத்துங்கள். நீலம் ஏறினால் கூர் நிற்காது.

உருக்கு வேலை நம் இலங்கைத் தீவுக்குப் புதிதல்ல. சமனலவெவவில் 7ஆம் நூற்றாண்டு முதலே காற்று வீச்சால் எரிந்த உலைகளில் உருக்கு எடுத்திருக்கிறார்கள். தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1996இல் அதை உலகறியச் செய்தார்.

வெடித்த துண்டைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கீறல் இல்லாத வேறு தகட்டில் தொடங்குங்கள்.