ஒன்பதாம் மாத ஊசி

சின்னமனூர்

அன்பு மகளே,

அடுத்த மாதத்திலிருந்து நீ மறுபடி ஜீப் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகப்போவதாக உன் அம்மா போனில் சொன்னாள். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை வயிற்றில் இருந்தபோது உனக்கு வந்த சர்க்கரையைப் பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது பார்த்தாயா?

பார்த்திருக்க மாட்டாய். முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான், எனக்குத் தெரியும். நம் மாநிலத்தில் 2007-லிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை கட்டாயம். சென்னை டாக்டர் வி. சேஷய்யா வற்புறுத்திக் கொண்டுவந்த முறை. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்போம். 140-ஐத் தொட்டால் சர்க்கரை. பட்டினியோடு வரச் சொன்னால் தூரத்துப் பெண்கள் திரும்பி வரமாட்டார்கள் என்று யோசித்துச் செய்தது அது. எத்தனை பேருக்கு என் கையால் கரைத்துக் கொடுத்திருப்பேன்!

பிரசவத்துக்குப் பிறகுதான் விட்டுவிட்டோம். நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். எடை போடுவேன், ஊசி போடுவேன், காய்ச்சல் மருந்து கொடுப்பேன். அதே ஆறாவது வாரத்தில் தாய்க்கும் மறுபடி குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனையோ தடுப்பூசிப் புதன்கிழமைகளில் அதைக் கேட்காமலே அனுப்பியிருக்கிறேன். அப்படி அனுப்பிய ஒருத்தியை ஏழெட்டு வருஷம் கழித்து ஆறாத கால்புண்ணோடு பார்த்தேன். அந்த முகம் இன்னும் என்னை விடவில்லை.

"பிள்ளை பிறந்ததும் சர்க்கரை போயிருச்சு" என்றுதான் உனக்கும் சொல்லியிருப்பார்கள். அளவு இறங்கியது நிஜம். நஞ்சுக்கொடியில் சுரப்பது இன்சுலினை வேலை செய்ய விடாது. கொடி விழுந்ததும் அந்தத் தடை நீங்கிவிடும். ஆனால் அந்தச் சுமையை உன் உடம்பால் சமாளிக்க முடியவில்லை என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் அது நிலையாக வருவதற்கு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் வாய்ப்பு. பாலை நிறுத்தாதே தாயி, பால் கொடுப்பது உனக்கும் காப்பு. தூக்குவாளியில் சோற்றைக் குறைத்து மொச்சையோ தட்டாம்பயறோ முருங்கைக்கீரையோ கூட வை. தோட்டத்தில் குடிக்கிற டீயில் சீனியைக் குறை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்தது. வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் அவர்கள் உன் வாசலுக்கு வரும்போது நீ கம்பம் மெட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பாய். ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கும் முன்னே உன் ஜீப் கிளம்பிவிடும். ஒரு சோதனைக்கு ஒரு நாள் கூலி போகிறது. இதை உன் அலட்சியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடியற்காலையில் ஜீப் நிற்கிற இடத்துக்கே வந்து பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அது நடக்கும்வரை ஒரு வழி. பிள்ளைக்கு ஒன்பது மாத ஊசி வருகிறது. அந்தப் புதன்கிழமை எப்படியும் நீ வேலைக்குப் போகமாட்டாய். கர்ப்பகால அட்டையை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை வெறும் வயிற்றோடு போ. "கர்ப்பத்துல சர்க்கரை இருந்துச்சு, குளுக்கோஸ் குடுத்துப் பாருங்க" என்று வாய் திறந்து கேள். விரலில் ஒரு குத்து குத்தி நார்மல் என்றால் எழுந்து வந்துவிடாதே. மூன்று மாதச் சராசரி பார்க்கிற சோதனை மட்டும் உனக்குப் போதாது. ரத்தசோகை இருந்தால் அந்த அளவு பிசகும். அங்கே முடியாதென்றால் க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போவோம். நல்லபடியாக இருந்தாலும் வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கு நிற்கும் முன்னும் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளை என் மடியில் இருக்கட்டும்.

உன் பெரியம்மா