இடுப்பைத் திருப்பும் முன் இடது காலை ஊன்று

தங்கச்சி, கோல்ஃப் டிரைவிங் ரேஞ்சில் யாராவது பின்னால் நின்று, "இடுப்பை இன்னும் வேகமாத் திருப்பும்மா" என்று சொன்னால் உடனே செய்துவிடாதே. சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். இடது காலில் பாரம் ஏறாமல் இடுப்பை மட்டும் சுழற்றினால் வலது தோள் பந்தை நோக்கிப் பாயும். கிளப் வெளியிலிருந்து குறுக்கே வெட்டி வரும். பந்து வலப்பக்கம் வளைந்து போய் விழும். ஸ்லைஸ் ஆகிறதே என்று இன்னும் வேகமாகச் சுழற்றுவோம், இன்னும் வளையும். (நான் சொல்வதெல்லாம் வலதுகை ஆட்டத்துக்கு. இடதுகை என்றால் திசையை மாற்றிக்கொள்.)

முதலில் நடக்க வேண்டியது காலில். கிளப் உச்சிக்குப் போய்ச் சேருவதற்குச் சற்று முன்பே, முதுகு இலக்கைப் பார்த்திருக்கும்போதே, இடது பாதத்தில் அழுத்தம் ஏறத் தொடங்க வேண்டும். சின்ன வயதில் மாங்காய்க்குக் கல் எறிந்தோமே, அப்போது கை பின்னால் இருக்கும்போதே இடது கால் முன்னால் ஊன்றிவிடும். பிறகு இடுப்பு, கடைசியில்தான் கை. யாரும் சொல்லித் தராத அந்த வரிசைதான் இங்கேயும்: கால், இடுப்பு, மேலுடம்பு, கைகள், கிளப்.

பழைய சாம்பியன் பென் ஹோகன் 1957இல் எழுதிய 'ஃபைவ் லெசன்ஸ்' புத்தகத்தில், டவுன்ஸ்விங்கை இடுப்புதான் தொடங்கி வைக்க வேண்டும் என்கிறார். படித்த பலருக்கு அது மட்டும் மனதில் நின்றுவிட்டது. எடை இடது காலுக்கு மாறும் அளவுக்கு இடுப்பு முன்னோக்கி நகரவும் வேண்டும் என்று அதே இடத்தில் சொல்லியிருக்கிறார். இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னதும் அவர்தான். அதை அவசியம் செய்து பார். இடுப்பு மூட்டு இறுகியவர்களுக்குத் திரும்புவது அதனாலேயே எளிதாகிவிடும், முழங்காலுக்கும் நல்லது.

எவ்வளவு நகர வேண்டும்? கொஞ்சம்தான். இடது பாதத்துக்கு வெளியே, ஒரு விரல்கடை தள்ளி, அலைன்மென்ட் ஸ்டிக் ஒன்றை நட்டு வை. டவுன்ஸ்விங் தொடங்கும்போது இடது இடுப்பு ஸ்டிக்கைத் தொட வேண்டும், தொட்டதும் பின்பக்கமாக விலகிச் சுழல வேண்டும். ஸ்டிக்கைத் தள்ளிக்கொண்டே போனால் நீ திரும்பவில்லை, வழுக்குகிறாய் என்று அர்த்தம்.

இன்னொரு கோளாறு பெண்கள் ஆண்கள் எல்லோரிடமும் இருக்கிறது. அடிக்கும் நேரத்தில் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, உடம்பு நிமிர்ந்துவிடும். கைகளுக்கு இடமே இருக்காது, பந்தின் தலையில் அடி விழும். இதற்கு வீட்டுச் சுவர் போதும். பின்புறம் சுவரில் லேசாகப் படும்படி ஸ்விங் நிலையில் குனிந்து நில், கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள். பேக்ஸ்விங்கில் வலப்பக்கம் சுவரை அழுத்தட்டும். இறங்கும்போது முதலில் லேசாக உட்காருவது போல இரண்டு முழங்காலும் மடங்கட்டும், பிறகு இடது கால் தரையை உந்தி நிமிரட்டும். அந்த உந்தலில் இடது இடுப்பு தானாகவே பின்னால் போய்ச் சுவரைத் தேடும். ஹோகன் காலத்துச் சாம்பியன் சாம் ஸ்னீட் ஆடும் பழைய படங்களைப் பார்த்தால் அந்த உட்காரல் நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் மெதுவாகத்தான் பழக வேண்டும். டவுன்ஸ்விங் முழுக்க ஏறத்தாழ கால் நொடி. அதற்குள் எதையும் யோசித்துச் செய்ய முடியாது. அதனால் ரேஞ்சில் ஏழாம் நம்பர் அயர்னை எடுத்து, பாதி வேகத்தில், அரை ஸ்விங்காக அடி. கால்களைச் சேர்த்து வைத்து, கிளப் மேலே போகும்போதே இடது காலை எட்டி வைத்து அடிக்கும் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. அதில் வரிசை தப்பினால் உடம்பே தடுமாறிக் காட்டிக் கொடுத்துவிடும்.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் இடுப்பு, பந்தைத் தொடும் நொடியில் இலக்கை நோக்கி ஏறக்குறைய 40 டிகிரி திறந்திருக்கும். தூரம் கூடும் என்று அந்த எண்ணைத் துரத்தாதே, தூரம் மட்டுமே ஆட்டமல்ல. நம் நாட்டு ஆட்டக்காரர் அதிதி அசோக் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வந்தது தூரத்தால் அல்ல. அங்கே அவரைவிட வெகுதூரம் அடித்தவர்கள் நிறைய.

வீடியோ எடுக்கும்போது போனைப் பந்துக்குப் பின்னால், இலக்கை நேராகப் பார்க்கும்படி, கைகளின் உயரத்தில் வை. தொடக்க நிலையில் பின்புறம் இருக்கும் இடத்தில் திரையில் ஒரு கோடு போடு. பந்தைத் தொடும் நொடியில் நிறுத்திப் பார்த்தால் பின்புறம் அந்தக் கோட்டிலேயே இருக்க வேண்டும்.

கீழ்முதுகில் வலி வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடு. குழந்தை பிறந்து சில மாதம்தான் ஆகிறதென்றால், பிசியோதெரபிஸ்ட் சரி சொல்லும்வரை சுவர்ப் பயிற்சி மட்டும் செய். டிரைவர் பையிலேயே இருக்கட்டும்.