ஒரே மூட்டையில் நிற்கும் அடுப்பு

இந்த மாதம் பதுளை, மொனராகலை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாமான் விலையைப் பற்றியவை. பதில் சொல்பவர், தோட்டக் குடும்பங்களின் அடுப்படிக் கணக்கையும் பிள்ளைகளின் நிறை அட்டையையும் பல வருடங்களாகப் பார்த்துவரும் ஒரு போஷாக்கு ஆலோசகர். எழுதியவர்களின் பெயர் தவிர்க்கப்பட்டு ஊர் மட்டும் தரப்படுகிறது.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். கடையில் எதுவும் குறையவில்லையே, அக்கா? யார் பொய் சொல்வது? (ஹாலி-எல)

யாரும் பொய் சொல்லவில்லை, தம்பி. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அது 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. முந்தைய வருடம் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் அந்த மாதம் 1,950 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகியது. மலையேறி வந்த ரயில் பட்டிப்பொலையில் நிற்கிற மாதிரி. ஏற்றம் நின்றுவிட்டது, ஆனால் நிற்கிற இடம் உச்சி. 2024 செப்டெம்பரில் விலை அரை சதவீதம் இறங்கியது. இறங்கியது அவ்வளவுதான்.

மூன்று வருடத்தையும் சேர்த்துப் பெருக்கினால், 2021 செப்டெம்பரில் 1,000 ரூபாயாக இருந்த செலவு 2024 செப்டெம்பரில் ஏறக்குறைய 1,710 ரூபாய். 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளம் அதே 2024 செப்டெம்பரில்தான் 1,350 ஆனது. நடுவில் விழுந்த 360 ரூபாயைத்தான் ஒவ்வொரு வீடும் வயிற்றிலிருந்து கட்டியது. பழைய விலை திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றைய விலையில் குடும்பம் சாப்பிட எவ்வளவு வேண்டும் என்ற கணக்கோடு சம்பளப் பேச்சைக் கேளுங்கள்.

கடைக் கொப்பியில் எப்போதும் எதிர்பார்த்ததைவிடக் கூடத்தான் வருகிறது. முதலாளியிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. (பசறை)

கூச்சப்பட்டுக்கொண்டே எத்தனை மாதம் கட்டினீர்கள்? கொப்பி இரண்டு இருக்க வேண்டும். ஒன்று கடையில், ஒன்று உங்கள் கையில். பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பி போதும். அதில் சாமான், நிறை, அன்றைய விலை மூன்றையும் வாங்குகிற இடத்திலேயே எழுத வேண்டும். ‘பருப்பு, சீனி, மா – 1,480’ என்று மொத்தமாக எழுதினால் பத்தாம் திகதி சம்பளம் வாங்கிக்கொண்டு போய் நிற்கும்போது எந்த விலையில் போட்டார்கள் என்று தெரியாது. விலை ஏறுகிற காலத்தில் இது இன்னும் மோசம். போன வாரம் எடுத்த சாமான் இந்த வார விலையில் கணக்கில் ஏறிவிடும்.

கடையில் விலைப்பட்டியல் தொங்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். கடன் வாங்குகிறவருக்கும் அந்த உரிமை உண்டு. முதலாளியோடு சண்டை வேண்டாம். “அண்ணா, வீட்டில் எழுதச் சொன்னார்கள்” என்று கொப்பியை நீட்டுங்கள், போதும்.

விலை ஏறும் என்று பயந்து மூன்று மூட்டை அரிசி வாங்கினோம். வண்டு பிடித்துவிட்டது. (கொஸ்லாந்தை)

வெயிலில் காய வைத்து, புடைத்து, இறுக்கமான மூடியுள்ள வாளியில் போட்டு முதலில் இதைச் சாப்பிட்டு முடியுங்கள். மூன்று மூட்டை இனி வாங்காதீர்கள்.

கோதுமை மா விலை ஏறினால் எங்கள் வீட்டில் எல்லாமே குழம்பிவிடுகிறது. காலையில் ரொட்டி, மலைக்குக் கொண்டுபோக ரொட்டி, சில நாள் இரவிலும் ரொட்டி. மாவைக் குறைவாக வாங்க வழி உண்டா? (மடுல்சீமை)

இந்தக் கடிதத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது, தங்கச்சி.

உங்கள் வீட்டில் குழம்புவது ஒரு சாமானின் விலையால் அல்ல. ஒரே ஒரு மூட்டையின் மேல் முழு அடுப்பையும் ஏற்றி வைத்திருப்பதால். அந்த மூட்டை நம் அடுப்படிக்கு வந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கொள்ளுத்தாத்தாக்கள் சோறு தின்றவர்கள். தோட்டத்தில் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழித்தார்கள். அந்த அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் கப்பல் நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் மா போகவில்லை. 1973இல் பங்கீடு வெட்டப்பட்டபோது அரிசியும் கிடைக்கவில்லை, மாவும் கிடைக்கவில்லை. 1974இல் தோட்டங்களில் சாவு கூடியது. மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் தின்று பிழைத்தவர்கள் இன்னும் நம் லயங்களில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பலர் வன்னிக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். பிறகு 1977இல் பிறீமாவோடு ஒப்பந்தம், 1980இல் திருகோணமலையில் மா ஆலை. அதன் பிறகு மா மூட்டை இல்லாத தோட்டக் கடை கிடையாது.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஒவ்வொரு ரொட்டிக்கும் டொலர் வேண்டும். 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ஆனது, உக்ரேனில் யுத்தம் வெடித்தது, மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்றும் சேர்ந்து ஓகஸ்ட், செப்டெம்பரில் ஒரு கிலோ மாவை 400 ரூபாய்க்குக் கொண்டுபோயின. 2021 தொடக்கத்தில் அது 100 ரூபாய் அளவில் இருந்தது. ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, கிடைத்த 1,000 ரூபாய்க்கு அப்போது பத்துக் கிலோ மா வரும். ஒன்றரை வருடத்தில் அதே ஒரு பேருக்கு இரண்டரைக் கிலோ. நாட்டில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போதிய உணவில்லாமல் இருப்பதாக அந்த வருடம் ஐ.நா. நிறுவனங்கள் கணக்கிட்டன, தோட்டத்துறை எல்லாத் துறைகளையும்விட மோசமாக இருந்தது. தேயிலை பறித்து நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த கைகளுக்கு, டொலரில் வாங்கிய மா எட்டாமல் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

இப்போது ஊவாவின் மற்றப் பாதியைப் பாருங்கள். மொனராகலை நாட்டின் பெரிய சோளப் பூமிகளில் ஒன்று. குரக்கன், கௌப்பி, பயறு, எள்ளு எல்லாம் அங்கே சேனையில் விளைகின்றன. வெல்லஸ்ஸ என்ற பெயருக்கே இலட்சம் வயல் என்று பொருள். பசறையிலிருந்து லுணுகலை தாண்டி பஸ்ஸில் இறங்கினால் பிபிலை. ஆனால் நம் லயங்களில் குரக்கன் ‘சீனி வருத்தக்காரர் சாப்பாடு’, மரவள்ளி ‘பஞ்ச காலத்துச் சாப்பாடு’. இந்த வெட்கம்தான் மா மூட்டையைவிடக் கனமாக இருக்கிறது. நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வெள்ளைக் கோதுமை மாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ரொட்டியை விடச் சொல்லவில்லை. விடியற்காலை எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும்தான் கையில் எடுத்துப் போகக்கூடிய சாப்பாடு. லயத்துப் பக்கம் வராதவர்கள் சொல்லும் சமையல் புத்திமதியெல்லாம் இங்கே உதவாது. மூன்று பங்கு மாவில் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றுங்கள், அதுதான் முதல் வேலை. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்துவிட்டு ‘உதிர்கிறது, வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். வெந்நீர் விட வேண்டும், கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டும், தடிப்பாகத் தட்ட வேண்டும். கிழமையில் இரண்டு காலை, இரவே ஊறப்போட்ட கௌப்பியை அவித்துத் துருவிய தேங்காயோடு கொடுங்கள். பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இதைச் சொல்லும்போது, வீட்டைச் சுற்றிக் கையளவு மண்கூடச் சொந்தமில்லாத குடும்பத்துக்கு இது போதாது என்பதும் தெரியும். காணி உரிமைக் கேள்வி சாப்பாட்டுக் கேள்விதான். அது வருகிற வரைக்கும் அடுப்பை ஒரே மூட்டையில் நிறுத்தி வைக்க முடியாது.

பால்மா விலை தாங்க முடியவில்லை. எங்களிடம் ஒரு கறவைப் பசு இருக்கிறது, பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்கிறோம். பிள்ளைக்கு மூன்று வயது. (ஹப்புத்தளை)

பசுவை வைத்துக்கொண்டு பால்மா வாங்குகிறீர்களா, அம்மா? 400 கிராம் பைக்கற் ஒன்றைக் கரைத்தால் மூன்று லீற்றர் அளவு பால் வரும். 2022 மார்ச்சில் அந்தப் பைக்கற் 790 ரூபாய்க்குப் போனது, பிறகு ஆயிரத்தையும் தாண்டியது. நீங்கள் மூன்று லீற்றர் கொடுத்து எவ்வளவு வாங்குகிறீர்கள் என்பதை இன்றைய பைக்கற் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நட்டம் எவ்வளவென்று உங்களுக்கே தெரியும். காலையில் கறந்ததில் பிள்ளைக்கு ஒரு கோப்பையை எடுத்து நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். மீதியை விற்கலாம்.

இதைப் படிக்கும் கைக்குழந்தைத் தாய்மாருக்கு ஒரு எச்சரிக்கை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஒரு வயதுக்கு முன் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பசும்பால் கொடுக்கக்கூடாது. கிளினிக்கில் திரிபோஷா கிடைத்தால் அது பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் உரியது. வீட்டில் எல்லோரும் பங்குபோட்டுச் சாப்பிடுவதற்கில்லை.

மரவள்ளிக்கிழங்கில் விஷம் என்கிறார்கள். இஞ்சியோடு சாப்பிட்டால் ஆள் போய்விடுமாம்? (நமுனுகுலை)

விஷம் கிழங்கிலேயே இருக்கிறது. கசக்கிற கிழங்கை எறியுங்கள். தோலையும் உள் பட்டையையும் முழுதாக உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிடுங்கிய அன்றோ மறுநாளோ சமையுங்கள். இஞ்சிப் பிளேன்டீ குடிக்காமல் காவல் காத்துவிட்டு, மூடி போட்டு அரைவேக்காடாக அவிக்கிறவர்களைப் பார்த்தால்தான் பயம். அவித்த கிழங்கோடு நெத்தலியோ பருப்போ இருக்கட்டும். கிழங்கில் மாச்சத்தைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை.

கையில் காசு இல்லாததால் தூள், தேயிலை, பால்மா எல்லாம் சின்னப் பைக்கற்றில்தான் வாங்குகிறோம். அது சிக்கனம்தானே? (தெமோதரை)

இல்லை. இருபது கிராம் பைக்கற் 50 ரூபாய் என்றால் கிலோ 2,500 ரூபாய். எந்தப் பைக்கற்றையும் இப்படிக் கிலோவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் லயத்தில் நான்கு வீடு சேர்ந்து சம்பளத்தன்று ஒரு கிலோ மிளகாய்த்தூள் வாங்கிப் பங்கு போட முடியாதா? சீட்டுப் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

வெலிமடையில் விளைகிற மரக்கறி பக்கத்திலுள்ள எங்களுக்கு ஏன் இந்த விலை? (பண்டாரவளை)

கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய், அங்கிருந்து தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ லொறி ஏறி, சில வேளை திரும்பி உங்கள் ஊர்க் கடைக்கு வருவதால். டீசல் விலையும் வழியில் நசுங்கி அழுகியதும் உங்கள் கத்தரிக்காயின் விலையில் சேருகிறது. ஞாயிற்றுக்கிழமை பொலவுக்கு விவசாயியே கொண்டுவரும் கூடையைத் தேடுங்கள். மூட்டை கட்டுகிற நேரத்தில் போனால் விலை இறங்கும். ஆனால் அழுகினதை மலிவென்று அள்ளாதீர்கள்.

பின்வளவில் எதை நட்டாலும் குரங்கு விடுவதில்லை. (லுணுகலை)

நாடு முழுக்க இதே புலம்பல்தான். 2025 மார்ச் 15ஆம் திகதி அரசாங்கமே ஐந்து நிமிடம் ஒதுக்கிக் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னது. பாகல், வல்லாரை, மஞ்சள், இஞ்சி, கொச்சிக்காய் ஆகியவற்றைக் குரங்கு அவ்வளவாகத் தொடுவதில்லை. உரப்பையில் நட்டு வாசலோடு வையுங்கள். சோளத்தை மறந்துவிடுங்கள்.

நாட்டரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை என்கிறார்கள். கடைக்காரர் ‘அந்த விலைக்கு அங்கேயே போய் வாங்கு’ என்கிறார். (பதுளை)

2024 டிசெம்பர் வர்த்தமானியில் உள்ளூர்ப் பச்சையரிசி 220, நாடு 230, சம்பா 240, கீரி சம்பா 260 ரூபாய். பிறகு வந்த வர்த்தமானி இருந்தால் அந்த விலைதான் செல்லும். கூட்டி விற்றால் தனி வியாபாரிக்கு ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை தண்டம் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. நுகர்வோர் அதிகார சபையின் எண் 1977. கடை, திகதி, விலை மூன்றையும் சொல்லுங்கள். சீட்டு இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றையும் மறைக்கக்கூடாது. கட்டுப்பாட்டு விலை போட்டதும் சிவப்புப் பச்சையரிசி பல கடைகளில் காணாமல் போனது. ஆலையிலிருந்து அந்த விலைக்கு வராத அரிசியைச் சின்னக் கடைக்காரர் அந்த விலைக்கு விற்க முடியாது. அவரிடம் கோபப்படும் முன் அவர் வாங்கிய சீட்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலில் பாதை மூடிக் கடைக்குப் போக முடியவில்லை. வீட்டில் எவ்வளவு சாமான் எப்போதும் இருக்க வேண்டும்? (ஸ்பிரிங்வேலி)

ஒரு கிழமைக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பத்துக் கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, அரைக் கிலோ நெத்தலி, உப்பு, சீனி, தேயிலை, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, நனையாத இடத்தில் ஒரு கட்டு விறகு. இதை ஒரே மாதத்தில் வாங்க முடியாது. சம்பளத்துக்குச் சம்பளம் இரண்டு கிலோவாகச் சேருங்கள். புதியதை வாளியின் அடியில் போட்டு, பழையதை எடுத்துச் சமையுங்கள். வெள்ளம் வந்தபின் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் ஒரு மிடறும் வேண்டாம்.

உங்கள் லயம் மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தால் இந்தப் பட்டியலை மறந்துவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை மண்சரிவில் நடந்தது ஊவாவில் எல்லோருக்கும் தெரியும். வெளியேறச் சொன்னால் அரிசி வாளியைத் தூக்க நிற்காமல், பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் கிளினிக் அட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.