பேட்டரி மேல் பழி போடாதீர்கள்!



எங்கள் வகுப்புப் பையன்கள் நோட்டு அட்டையில் ரேஸ் கார், ஸ்போர்ட்ஸ் கார் படமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்ததே, அதிலிருந்து இதே பேச்சுதான். "சரி, அந்தக் கார் காலையில் ஸ்டார்ட் ஆகலைன்னா என்ன செய்வே?" என்று கேட்டேன். "புது பேட்டரி போடுவேன்" என்றான் ஒருவன். எங்கள் வீட்டிலும் அதே தப்பைத்தான் செய்தோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா பூந்தமல்லிக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். பழைய வண்டி. விடியற்காலை 3 மணிக்கு சாவி போட்டால் "உர்ர்... உர்ர்..." என்று இழுக்கும், நின்றுவிடும். கடன் வாங்கிப் புது பேட்டரி போட்டார். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே கதை. "இதுவும் போச்சு, வேற வாங்கு" என்றார்கள் தெருவில். அம்மா தோட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அவர் அம்பத்தூரில் கார் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன். "அளந்து பாக்காம பேட்டரி மேல பழி போடாதீங்க மாமா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரை என் கையில் கொடுத்தார். "பாப்பா, நீ அள. நான் சொல்றேன்."

முதலில் பாடம்: பேட்டரி ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி. ஆல்டர்னேட்டர் அதை நிரப்பும் மோட்டார் மாதிரி. இன்ஜின் சுற்றும்போது பெல்ட் அதையும் சுற்றும். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் அதில் வேலை செய்கிறது. வருவது மாறுதிசை மின்னோட்டம். டையோடுகள் அதை நேர்திசையாக்கும். ரெகுலேட்டர் வோல்ட் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். நம் பக்கத்தில் பாடியில் உள்ள லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி செய்வது இந்தப் பொருள்தான்.

சோதிக்கும் முறை:

1. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். பேட்டரியில் 6 அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஆக 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி ஆகிறது என்று அர்த்தம்.

2. ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே பலவீனம்.

3. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறவே இல்லையென்றால் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி நீர் கொதித்து வற்றிவிடும்.

எங்கள் வண்டியில் நிறுத்தியபோது 12.1. ஓடும்போது 13.4 தான். பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. "இப்போ ஆல்டர்னேட்டர் கிட்டயே அள" என்றார் மாமா. அளந்தேன், 14.2! அப்படியானால் வழியில் 0.8 வோல்ட் எங்கே போனது?

பாசிட்டிவ் ஒயரின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தேன்: 0.2. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே அளந்தேன்: 0.6. கூட்டினால் 0.8. கணக்கு சரியாக வந்தது! திருடன் எர்த் ஒயரில் இருந்தான். அது சேரும் போல்ட்டில் துருவும் பச்சைப் பூச்சும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். இப்போது பேட்டரியில் 14.1. ஆக, புது பேட்டரி கெடவே இல்லை. பாவம், அது மூன்று மாதமாக அரை வயிறு சாப்பிட்டிருக்கிறது.

இது லோடு வண்டிக்கு மட்டும் உள்ள சட்டம் இல்லை. 1989-ல் வெளிவந்த ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் காரில் எடை சமமாக இருக்கப் பேட்டரியைப் பின்னால் டிக்கியில் வைத்தார்கள். ஒயர் நீளமானால் இழப்பைப் பார்ப்பது இன்னும் முக்கியம். ஸ்போர்ட்ஸ் கார்கள் பல நாள் சும்மா நிற்கும். அப்போது கடிகாரம், அலாரம் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். சாதாரணமாக இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதில் குறைகிறது என்று பார்த்தால் ஆள் அகப்படுவான்.

கவனம்! பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. உள்ளே அமிலம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பெரியவர்கள் இல்லாமல் தொடாதீர்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி கிரீஸ் கை?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டார். மறுநாள் 3 மணிக்கு வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. சத்தம் கேட்டு நானும் எழுந்துவிட்டேன். அம்மா தோட்டை மறுபடி போட்டுக்கொண்டார். செலவு? ஒரு உப்புத்தாள்.

யோசியுங்கள்: நிறுத்திய வண்டியில் 12.6, ஓடும்போதும் 12.3 தான். கோளாறு எந்தப் பக்கம்? விடையை என்னிடம் வந்து சொல்லுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி