சொல்லும் எழுத்தும்

"வைத்துக் கொள்ளுங்கள் மச்சான், பிறகு பார்த்துக் கொள்வோம்."

தங்கையின் கணவர் கடையில் பணமுடை ஏற்பட்டபோது, 50,000 ரூபாயைக் கையில் கொடுத்து ஒருவர் இப்படிச் சொல்வதாக வைத்துக் கொள்வோம். கொடுத்தவர் மனத்தில் அது கைமாற்று. வாங்கியவர் காதில் அது அன்பளிப்பு. நான்கு ஆண்டுகளில் கொடுத்தவர் மௌத்தாகி விடுகிறார். பிள்ளைகள் மாமாவிடம் பணத்தைக் கேட்கிறார்கள். "உங்கள் வாப்பா எனக்குச் சும்மா கொடுத்தது" என்கிறார் அவர். இரு வீட்டாருக்கும் பேச்சு அற்றுப் போகிறது. பெருநாளன்றுகூட ஒருவர் வாசற்படியை ஒருவர் மிதிப்பதில்லை.

இங்கே யார் பொய் சொன்னது? யாருமில்லை. சொன்னது ஒன்று, விளங்கியது வேறொன்று, அவ்வளவுதான். இத்தகைய காட்சி நம் ஊர்களுக்குப் புதிதன்று. ஆகவே பேசும் முறையையும் எழுதும் முறையையும் ஒரு பாடமாகவே நாம் படித்துக் கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் பேச்சு. பேச்சின் நோக்கம் நாம் சொல்லி முடிப்பதன்று; கேட்பவருக்கு விளங்குவதே. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டியதைத் திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயம் கூறுகிறது. எதற்காக? தம் பேச்சை மக்கள் விளங்கிக் கொள்வதற்காக. பேச்சில் தம்மைவிடத் தெளிவானவர் என்று தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்கவும் அவர்கள் தயங்கவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பேசினால், எண்ண விரும்புபவர் சொற்களை எண்ணிவிடலாம் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒன்றை மூன்று முறை சொல்வார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. நாமோ உம்மாவுக்கு மருந்து வேளையைச் சொல்லும்போதுகூட, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு சொல்கிறோம். பிறகு, "நான்தான் சொன்னேனே!" என்று சத்தம் போடுகிறோம். உரத்துச் சொல்வது வேறு, விளங்கச் சொல்வது வேறு. லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் குரலைத் தாழ்த்திக் கொள் என்பதும் ஒன்றல்லவா?

அடுத்தது எழுத்து. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது பேசும் பொருள் கடன் பத்திரம்! தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக் கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது. இவ்வளவும் அதில் இருக்கின்றன.

அவ்வசனத்தில் இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவர். "நான் இன்னாரிடம் இவ்வளவு வாங்கினேன், இந்தத் தேதியில் தருவேன்" என்று அவர் வாயாலேயே வரும்போது, அவர் எப்படி விளங்கிக் கொண்டார் என்பது அங்கேயே தெரிந்து விடுகிறது. தவறாக விளங்கியிருந்தால் அப்போதே திருத்தி விடலாம். கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே ஒரு பேச்சு முழுமை பெறுகிறது என்ற பாடம் இதில் நமக்குக் கிடைக்கிறது.

கடிதத்திற்கும் முன்மாதிரி உண்டு. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹிரகல்லுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய கடிதத்தில், யாரிடமிருந்து, யாருக்கு என்பது தொடக்கத்திலேயே இருந்தது, அடுத்து ஸலாம், உடனே விஷயம். முத்திரை இல்லாத கடிதத்தை அந்நாட்டார் படிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டதும், முத்திரை மோதிரம் செய்து கொண்டார்கள். பெறுபவரின் வழக்கத்தை அறிந்து எழுதுவதும் ஒரு முறையே. ஹிஜ்ரி 6இல் (கி.பி. 628) ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொல்லை எதிர்த்தரப்பின் ஸுஹைல் மறுத்தார். "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது" என்று எழுத நபி (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். சொல்லுக்காகச் சமாதானத்தை இழக்கவில்லை.

இனி நாம் செய்ய வேண்டியவை:

1. முக்கியமான செய்தியை நின்று, நிதானமாக, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்லுங்கள்.

2. "விளங்கியதா?" என்று கேட்டால் எவரும் "ஆம்" என்றே சொல்வார். "என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

3. கொடுக்கல் வாங்கலில் பெயர், தொகை, தேதி, தவணை, சாட்சிகள் ஆகிய ஐந்தும் எழுத்தில் இருக்கட்டும்.

4. கோபத்தில் எழுதியதை, கைப்பேசிச் செய்தியானாலும், ஒரு தொழுகை நேரம் கழித்துப் படித்துப் பார்த்து அனுப்புங்கள்.

"மச்சானிடமா பத்திரம் கேட்பது?" என்று கூச்சமாக இருக்கலாம். அந்தக் கூச்சம் ஒரு நாழிகைதான். கேட்காமல் விட்டால் வரும் மனக்கசப்போ, தலைமுறை தாண்டியும் நிற்கும். இன்று உங்கள் வீட்டில் எழுதப்படாத கைமாற்று ஏதும் இருக்கிறதா? இருவரும் உயிரோடு இருக்கும்போதே, இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி விடுங்கள்.